ஒரு நோட்டு வாங்குங்க: வயசான காலத்துல வந்த வழியத் திரும்பிப் பாக்கறதுக்கு ஒரு வழிகாட்டி

மூணு வருஷத்துக்கு முன்னாடி பேரனுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க, தாத்தா பாட்டி வாழ்க்கையில நடந்த முக்கியமான பத்து விஷயத்த எழுதிட்டு வரணும்னு. நானும் கண்ணாடிய மாட்டிகிட்டு கம்பீரமா உக்காந்து சொல்ல ஆரம்பிச்சேன். பொறந்தது, எஸ்எஸ்எல்சி பாஸ் பண்ணது, போஸ்ட் ஆபீஸ் வேலை கிடைச்சது, கல்யாணம், ரெண்டு புள்ளைங்க, வீடு கட்டினது, ரிட்டயர் ஆனது. ஏழோட நின்னுபோச்சு. எட்டாவது வரவே மாட்டேங்குது. அடுப்படியிலேருந்து வீட்டுக்காரம்மா குரல் குடுத்தா, "ஏங்க, ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுக்கற மாதிரில்ல இருக்கு நீங்க சொல்றது". புள்ள சிரிச்சுட்டான். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. 68 வருஷம் இருந்துருக்கோம், கணக்கு கேட்டா ஏழு வரி.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி உக்காந்தேன். நிறைய தப்பா பண்ணி, பாதியில விட்டு, திரும்ப ஆரம்பிச்சு, இப்ப ஓரளவு பிடிபட்டிருக்கு. எங்க வாக்கிங் க்ரூப்ல ரெண்டு மூணு பேரு எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டுகிட்டே இருக்காங்க, அவங்களுக்காகவும், அப்பா அம்மாவ உக்காரவச்சுக் கேக்கணும்னு நினைக்கற புள்ளைங்களுக்காகவும் இத எழுதறேன். சுயசரிதை எழுதறது எப்படின்னு இல்ல, அதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம். நம்ம ஓடின ஓட்டத்துல எது எது நம்மள திருப்பிவிட்டுச்சுன்னு நாமளே உக்காந்து பாக்கறதுக்கு, அவ்வளவுதான்.

முதல்ல நோட்டு

லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு, 192 பக்கம். டைரி வேணாம், டைரியில தேதி போட்டிருக்கும், அத பாத்தாலே இன்னைக்கு எழுதலயேன்னு குத்தும். நோட்ட வாங்கினதும் கதை எழுத ஆரம்பிச்சுடாதீங்க, நான் பண்ண முதல் தப்பு அதான், "நான் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில்"னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கத்துல பேனாவ மூடி வச்சவன், நாலு மாசம் திறக்கவே இல்ல. அதுக்கு பதிலா ஒரு வருஷத்துக்கு ரெண்டு பக்கம்னு ஒதுக்குங்க. மேல இங்கிலீஷ் வருஷம், பக்கத்துல தமிழ் வருஷம், அதுக்குப் பக்கத்துல அப்ப உங்க வயசு. மத்தபடி காலியா விடுங்க. இதுக்கே ரெண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

தமிழ் வருஷம் எதுக்குன்னு கேப்பீங்க. நம்ம வயசுக்காரங்க பாதிப் பேருக்கு சர்டிபிகேட்ல இருக்கற பொறந்த தேதி பொய். வலது கைய தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதத் தொட்டா ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துப்பாங்க, வாத்தியார் பாத்து ஜூன் மாசத்துல ஒரு தேதிய போட்டு விடுவாரு. நான் பொறந்தது ஜய வருஷம் ஐப்பசி 10, அதாவது 1954 அக்டோபர் கடைசி. சர்டிபிகேட்ல 1-6-1954. ஒண்ணாந்தேதி பொறந்தவன் அதுக்கு முந்தின மாசக் கடைசியிலயே ரிட்டயர் ஆகணும்ங்கறது கவர்மெண்ட் ரூலு, அதனால 2014 மே 31 சாயந்திரம் மாலைய போட்டு அனுப்பிட்டாங்க. காதத் தொட்ட கைக்கு அஞ்சு மாச சம்பளம் போச்சு, அந்த வாத்தியாரு மேல கோவம் ஒண்ணும் இல்ல, அவரு சேத்துக்கலன்னா மாடுதான் மேச்சிருப்பேன்.

உங்க அம்மாவோ அத்தையோ "நீ பொறந்தப்ப மன்மத வருஷம், மாசி மாசம்"னு சொன்னது ஞாபகம் இருந்தா அத வச்சு புடிச்சுடலாம். 60 வருஷம் ஒரு சுத்து, ஒவ்வொரு வருஷமும் சித்திரையிலேருந்து பங்குனி வரைக்கும். விஜய 1953-54, ஜய 1954-55, மன்மத 1955-56, துன்முகி 1956-57, ஹேவிளம்பி 1957-58, விளம்பி 1958-59, விகாரி 1959-60. அப்ப மன்மத வருஷம் மாசின்னா அது 1956 பிப்ரவரி மார்ச்சு, 1955 இல்ல. இந்த இடத்துல நிறைய பேரு ஒரு வருஷம் தப்பு விடறாங்க. பழைய பஞ்சாங்கமோ ஜாதக நோட்டோ வீட்டுல இருந்தா வேலை இன்னும் சுலபம்.

நம்ம ஆளுங்க இத பழக்கத்துலயே வச்சிருக்காங்க பாருங்க. பொறந்த வருஷம் அதே பேரோட திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம், 70-ல பீமரத சாந்தி, 80-ல சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர்னு சொல்றதும் சும்மா இல்ல, ஒரு அமாவாசையிலேருந்து அடுத்த அமாவாசைக்கு இருபத்தொம்பதரை நாள்னு போட்டுப் பாத்தா ஆயிரமாவது பிறை 80 வயசு முடிஞ்சு பத்து மாசம் கிட்டக்க வருது. நாங்களும் திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் பண்ணிகிட்டோம். என்ன, அன்னைக்கு கலசத்துத் தண்ணிய தலையில ஊத்தி, போட்டோ எடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பறதோட சரி, அந்த அறுபது வருஷத்துல என்னா நடந்துச்சுன்னு யாரும் உக்காந்து பேசறதில்ல. பேச நேரம் எங்க, பின்னாடி அடுத்த ஜோடி நிக்குது.

ஆணி அடிக்கறது

வெறும் வருஷத்த பாத்தா ஒண்ணும் ஞாபகம் வராது. 1969-ல என்ன பண்ணீங்கன்னு கேட்டா யாருக்குத் தெரியும். அண்ணா செத்தன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு கேளுங்க, நம்ம வயசுக்காரன் எவனும் சொல்லிடுவான். அதனால ஊருக்கே தெரிஞ்ச சம்பவங்கள முதல்ல அந்தந்த வருஷத்துப் பக்கத்துல பென்சில்ல எழுதிடுங்க. சட்டைய மாட்டணும்னா செவுத்துல ஆணி வேணும்ல, அது மாதிரி.

நான் எழுதி வச்சது சிலத சொல்றேன். 1957 ஏப்ரல்ல நயா பைசா வந்தது, எனக்கு விவரம் தெரியாத வயசு, ஆனா எங்க அப்பத்தா சாகறவரைக்கும் அணாவுலதான் கணக்கு போட்டுச்சு. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய கடல் கொண்டுபோன புயல். 1965 இந்தி எதிர்ப்பு. 1969 பிப்ரவரி 3 அண்ணா மறைவு. 1975 ஜூன்ல எமர்ஜென்சி, அதே வருஷம் காந்தி ஜெயந்தி அன்னைக்கு காமராஜர். 1979 ஜூலையில ஸ்கைலாப்னு அமெரிக்காக்காரன் விண்வெளி நிலையம் தலையில விழப்போகுதுன்னு பயந்தது. 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணம், ரோடுல நாய் கூட இல்லாத நாளு. 1982 ஜூலையில சத்துணவு. 1984 அக்டோபர் 31 இந்திரா காந்தி, 1987 டிசம்பர் 24 எம்ஜிஆர், 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். 2004 சுனாமி. 2016 நவம்பர் 8 ராத்திரி நோட்டு செல்லாதுன்னது. எங்க பேராவூரணி பக்கத்துக்கு மட்டும் இன்னொரு பெரிய ஆணி இருக்கு, 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல்.

இதுல எது உங்களுக்கு வேலை செய்யும்னு முன்கூட்டியே தெரியாது. எனக்கு எமர்ஜென்சின்னா ஒண்ணுமே வரல, ஸ்கைலாப்புக்கு ஒரு பக்கம் நிறைஞ்சிடுச்சு. சாகத்தான போறோம்னு எங்க சித்தப்பா வீட்டுல இருந்த கோழி அத்தனையும் ஒரே வாரத்துல அடிச்சுக் குழம்பு வச்சுட்டாரு, அது கடைசியில ஆஸ்திரேலியா பக்கம் போய் விழுந்துச்சு, சித்தி ரெண்டு மாசம் அவரோட பேசல. அந்த சிரிப்போட சேந்து சித்தப்பா எனக்கு வேலைக்கு பரீட்சை ஃபீஸ் கட்டினதும் ஞாபகத்துக்கு வந்துச்சு, அது நான் அடியோட மறந்துபோன விஷயம்.

ஒண்ணு கவனிச்சுக்கங்க. பத்து வயசுலேருந்து முப்பது வயசு வரைக்கும் அருவி மாதிரி கொட்டும், நாப்பதுலேருந்து அறுபது வரைக்கும் காஞ்ச வாய்க்கா மாதிரி கிடக்கும். எனக்குத்தான் மறதி வந்துடுச்சோன்னு பயந்துட்டேன், அப்புறம் படிச்சுப் பாத்தா எல்லாருக்கும் அப்படித்தானாம், ஆராய்ச்சிக்காரங்களே இதப்பத்தி நிறைய எழுதியிருக்காங்க. அந்தக் காஞ்ச இடத்துக்கு வேற வழி இருக்கு: வீடு வீடா போங்க. நீங்க குடியிருந்த ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் ஒரு பக்கம் எடுத்து, படம் வரையத் தெரியாட்டியும் பரவால்ல, கட்டம் கட்டமா போடுங்க. வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்க, அடுப்பு எங்க, யாரு எங்க படுத்தாங்க, சைக்கிள எங்க நிறுத்துவீங்க. எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வேலை, ஒம்பது வீடு மாறியிருக்கோம். மூணாவது வீட்டுல திண்ணைய வரைஞ்சுட்டு இருக்கும்போது, அந்தத் திண்ணையில உக்காந்து வீட்டு ஓனர் அம்மா என்கிட்ட "தம்பி, ரெண்டு மாசம் வாடகை வேணாம், அப்பா காரியத்த முடிச்சுட்டு வாங்க"ன்னு சொன்னது அப்படியே காதுல கேட்டுச்சு.

ட்ரங்க் பெட்டிய இறக்குங்க

பரண் மேல இருக்கற பெட்டிய தனியா இறக்காதீங்க, யாரையாவது கூப்பிடுங்க, வாழ்க்கையத் திரும்பிப் பாக்கறேன்னு இடுப்ப ஒடச்சுக்க வேணாம். எஸ்எஸ்எல்சி புக்கு, பழைய பாஸ்புக்கு, கல்யாணப் பத்திரிகை, அடகு வச்ச ரசீது, வரவு செலவு நோட்டு, இன்லேண்ட் லெட்டர் கட்டு. அடகு ரசீத பாத்து வெக்கப்படாதீங்க, தேதி போட்ட ஆவணம் அது. எந்த மாசம் வளையல் போச்சு, எந்த மாசம் திரும்பி வந்துச்சுன்னு பாத்தாலே குடும்பம் எப்ப மூச்சு விட்டுச்சுன்னு தெரியும்.

எல்லாத்தையும் விட பெரிய சொத்து மொய் நோட்டு. எங்க பக்கம் ஆடி ஆவணியில மொய் வாங்கறதுக்குன்னே சாப்பாடு போடற மொய் விருந்தே நடக்கும், கணக்கு சுத்தமா இருக்கும். என் கல்யாண மொய் நோட்டு 1981, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. அஞ்சு ரூவா, பதினோரு ரூவா, இருவத்தொண்ணு. பணக்கார மாமா ஒருத்தர் பேருக்கு நேர அஞ்சு ரூவா, எங்க வயல்ல நடவு நட்ட ஒரு அக்கா பேருக்கு நேர பதினொண்ணு. அந்த அக்காவுக்கு அன்னைக்கு கூலி என்ன இருந்திருக்கும்னு நினைச்சுப் பாத்தேன், எத்தனை நாள் கூலிய கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கு. நாப்பது வருஷம் அந்தப் பேர நான் நினைக்கவே இல்ல. நோட்டுல ஒரு முழுப் பக்கம் அதுக்கு.

போட்டோ விஷயத்துல ரெண்டே சேதி. பின்னாடி யாரு, எந்த ஊரு, எப்பன்னு பென்சில்ல லேசா எழுதுங்க, பால் பாயிண்ட் பேனாவ அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். ஒட்டற ஆல்பத்துல இறுகிப்போன படத்த பிச்சு எடுக்காதீங்க, ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்துல ஃப்ளாஷ் போடாம ஆல்பத்தோட செல்போன்ல எடுத்துடுங்க.

எது மைல்கல், எது இல்ல

இப்பத்தான் முக்கியமான இடம். நான் வேலை பாத்த காலத்துல தந்தி உண்டு, 2013 ஜூலையில நிறுத்தினாங்க. வாழ்த்துத் தந்திக்கு ஒரு வசதி இருந்துச்சு, தீபாவளிக்கு ஒரு நம்பர், பொங்கலுக்கு ஒரு நம்பர், கல்யாணத்துக்கு ஒண்ணு, பரீட்சை பாஸுக்கு ஒண்ணு, நம்பர மட்டும் அனுப்பினா போதும், அந்தப் பக்கம் முழு வாழ்த்தா எழுதிக் குடுத்துடுவாங்க. நான் பேரனுக்குச் சொன்ன ஏழும் அப்படி நம்பர் போட்ட விஷயங்கதான், எல்லார் வாழ்க்கையிலயும் இருக்கறது. கவுண்டர்ல உக்காந்து பாத்தவனுக்குத் தெரியும், ஜனங்க கை நடுங்க எழுதிக் குடுத்ததுக்கெல்லாம் நம்பர் கிடையாது. காய்ச்சல் விட்டுடுச்சு. கோவத்த மறந்து வா. பணம் கிடைச்சுது, வளையல விக்காதே.

அதனால பத்திரிகை அடிச்ச நாளையெல்லாம் ஒரு ஓரத்துல எழுதிட்டு, பத்திரிகை அடிக்காத நாளத் தேடுங்க. "உங்க வாழ்க்கையின் திருப்புமுனை என்ன"ன்னு கேட்டா எல்லாரும் மேடையில பேசற மாதிரிதான் பேசுவாங்க. கேள்விய சின்னதா வையுங்க. எனக்குப் பலன் குடுத்த கேள்வி சிலது: வீட்டுல எப்பலேருந்து தினமும் அரிசிச் சோறு? உங்கள முதல்ல "நீங்க"ன்னு கூப்பிட்ட ஆளு யாரு? எந்தப் பொருள் வந்தப்புறம் வேலை பாதியா கொறஞ்சுது? யாருக்கு முன்னாடி கடைசியா கைகட்டி நின்னீங்க? உங்க அப்பா உங்ககிட்ட யோசனை கேட்ட முதல் தடவை எது? எந்த பஸ்ஸ விட்டிருந்தா இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டீங்க?

அந்த "நீங்க" கேள்விக்கு என்னோட பதில், 1976-ல வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம், எங்க ஊரு மிராசுதாரு மணியார்டர் ஃபாரத்த நீட்டி "இத கொஞ்சம் பாருங்க"ன்னாரு. அதுவரைக்கும் "டேய்" தான். வேலை ஆர்டர் வந்த நாள் எனக்கு மங்கலாத்தான் இருக்கு, இந்த "பாருங்க" மட்டும் நேத்து மாதிரி இருக்கு.

பக்கத்துல இருக்கறவங்க லிஸ்ட்டு

உங்க நோட்டு பாதி தாண்டினதும் வீட்டுக்காரம்மாகிட்டயோ வீட்டுக்காரர்கிட்டயோ அவங்க லிஸ்ட்ட கேளுங்க. எதிர்ல உக்காந்து பேனாவோட கேட்டா வராது. கைக்கு வேலை இருக்கும்போது கேக்கணும், பூ கட்டும்போது, மொச்சை உரிக்கும்போது, கீரை ஆயும்போது. நடுவுல "அது 83 இல்லடி, 84"ன்னு திருத்தக் கூடாது, இது எனக்கு கடைசிவரைக்கும் கஷ்டமாதான் இருக்கு, ஆனா திருத்தின அன்னைக்கு பேச்சு அதோட முடிஞ்சுடும். தேதி பின்னாடி பாத்துக்கலாம்.

என் வீட்டுக்காரம்மா லிஸ்ட்டுல முதல்ல வந்தது கல்யாணம் இல்ல. 1986 போனஸ்ல வாங்கின கிரைண்டர். "அதுவரைக்கும் எனக்கு சாயந்திரம்னு ஒண்ணு கிடையாதுங்க, ஆட்டுக்கல்லுதான்"ன்னா. கிரைண்டர் வந்தப்புறம் கிடைச்ச அந்த ஒரு மணி நேரத்துலதான் லைப்ரரி புஸ்தகம் படிக்க ஆரம்பிச்சிருக்கா. அவ படிக்கறது எனக்குத் தெரியும், எப்பலேருந்து, எதனாலன்னு தெரியாது. நான் அத போனஸ் கணக்குலதான் எழுதி வச்சிருந்தேன்.

ரெண்டாவது, "மூணு புள்ள பெத்தது"ன்னா. நான் வாயத் தொறந்துட்டு மூடிகிட்டேன். 1982-ல முதல் புள்ள, ஒம்பது நாள் இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பொறந்ததுல நாங்க அதப்பத்தி வீட்டுல பேசினதே இல்ல, நான் பேரன்கிட்ட ரெண்டு புள்ளைங்கன்னுதான் சொன்னேன், அவ அடுப்படியில நின்னு கேட்டுகிட்டுதான் இருந்திருக்கா. அவளுக்கு ஆணி ஒண்ணும் தேவைப்படல, கிழமை, நட்சத்திரம், மழை பெஞ்சது எல்லாம் நேரா சொன்னா. நான் எதுவும் எழுதல அன்னைக்கு. மொச்சைய மட்டும் சேந்து உரிச்சோம்.

கஷ்டமான பக்கம் வந்தா

வரும், கண்டிப்பா வரும். அண்ணன் தம்பி பாகத் தகராறு, பேசாமலே செத்துப்போன ஆளு, நாம பண்ண தப்பு. ராத்திரி படுக்கப்போற நேரத்துல இந்த நோட்டத் தொறக்காதீங்க, காலையில பத்து மணி பதினோரு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போது உக்காருங்க. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல வேணாம். கஷ்டமானத எழுத முடியலன்னா பக்கத்துல ஒரு புள்ளி வச்சுட்டு அடுத்த வருஷத்துக்குப் போயிடுங்க, என் நோட்டுல நாலு புள்ளி இருக்கு, ரெண்ட நிரப்பிட்டேன், ரெண்ட நிரப்பற எண்ணம் இல்ல.

பழச பேசிட்டே இருந்தா வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுடுச்சுன்னு வீட்டுல சொல்லுவாங்க. அமெரிக்காவுல ராபர்ட் பட்லர்னு ஒரு மனநல டாக்டர் 1963-லயே இத மறுத்து எழுதினாரு, முடிவு கிட்ட வரும்போது மனுஷன் தன் வாழ்க்கைய ஒருதடவை பிரிச்சு அடுக்கிப் பாக்கறது இயல்பு, அது நோய் இல்லன்னு. அதே ஆளுதான் இன்னொண்ணும் சொன்னாரு, சில பேருக்கு இப்படிப் பாக்கும்போது வருத்தமும் குத்த உணர்ச்சியும் அதிகமாகவும் வாய்ப்பு உண்டுன்னு. அதனால ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, அழுக நிக்கலன்னா நோட்ட மூடி வச்சுட்டு டாக்டரப் பாருங்க, வெக்கம் வேணாம். மனநல உதவிக்கு 14416-னு கவர்மெண்டோட டெலி மானஸ் நம்பர் இருக்கு, பெரியவங்களுக்குன்னே 14567 எல்டர் லைன் இருக்கு, ரெண்டுலயும் காசு இல்லாம பேசலாம்.

சுமைதாங்கி

மைல்கல் மைல்கல்லுன்னு சொல்றோம், ரோட்டு ஓரத்துல இன்னொரு கல்லும் உண்டு, மறந்துட்டோம். ரெண்டு கல்ல நட்டு மேல ஒண்ண படுக்கவச்சிருப்பாங்க, தலைச்சுமையோட நடந்து வர்றவன் யாரு துணையும் இல்லாம சுமைய இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டு திரும்பத் தூக்கிக்கலாம், சுமைதாங்கிக் கல்லு. வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொம்பளைங்க பேருல நட்டு வைக்கற வழக்கம், எங்க ஊருக்குப் போற பழைய ரோட்டுல ரெண்டு இருந்துச்சு, ரோடு அகலப்படுத்தினப்ப காணாமப் போச்சு.

நோட்டுல கடைசி பத்து பக்கத்த இதுக்குன்னு விடுங்க. தூரத்தக் காட்டினது மைல்கல்லு, சுமைய இறக்க விட்டது யாருன்னு எழுதுங்க. பேரு, எந்த வருஷம், என்ன பண்ணாங்க, மூணு வரி போதும். பரீட்சை ஃபீஸ் கட்டின சித்தப்பா, வாடகை வேணாம்னு சொன்ன அம்மா, பதினோரு ரூவா மொய் வச்ச அக்கா, கஜா அன்னைக்கு எங்க நாப்பது தென்னை விழுந்து வழிய அடைச்சு கிடந்தப்ப கேக்காமலே வாள எடுத்துட்டு வந்த பக்கத்துத் தெரு பசங்க. என் லிஸ்ட்டுல 31 பேரு வந்திருக்காங்க, அதுல உயிரோட இருக்கறது ஒம்பது பேரு. ஒம்பது பேருக்கும் போன் பண்ணேன். ரெண்டு பேருக்கு நான் சொன்ன சம்பவமே ஞாபகம் இல்ல, "அப்படியா பண்ணேன்"னு கேட்டாங்க. ஒருத்தரு, ஏதோ கடன் கேக்கத்தான் கூப்பிடறேன்னு நினைச்சு முதல்லயே "கை கொஞ்சம் டைட்டா இருக்கு"ன்னுட்டாரு.

போன்ல பதியறது

எழுத முடியாதவங்களுக்கு, கை நடுங்கறவங்களுக்கு, கண்ணு மங்கினவங்களுக்கு செல்போன்ல ரெக்கார்டர் போதும். ஃபேன நிறுத்துங்க, டிவிய நிறுத்துங்க, போன மடியில ஒரு துண்டு மேல வையுங்க. ஒரு ரெக்கார்டிங் இருபது நிமிஷம் தாண்ட வேணாம், நீளமானத யாரும் திரும்பக் கேக்கறதில்ல. முடிச்சவுடனே பேரு வச்சுடுங்க, "1976 மிராசுதாரு மணியார்டர்"னு, இல்லாட்டி நூறு ஃபைல் சேந்தப்புறம் எது எதுன்னு எவனுக்கும் தெரியாது. போன்லயே விட்டுடாம மகன்கிட்ட சொல்லி இன்னொரு எடத்துல காப்பி போட்டுடுங்க, போன் தண்ணியில விழும், எனக்கு விழுந்துச்சு. கீபோர்டுல மைக் பட்டன அமுக்கி தமிழ்ல பேசினா அதுவே டைப் அடிக்கும், எங்க ஊரு பேச்சு அதுக்குப் பாதிதான் புரியும், "அப்பத்தா"ன்னு சொன்னா என்னென்னமோ போடுது, திருத்திக்கலாம்.

அப்பா அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருந்தா இன்னொரு சேதி. இன்னைக்கு காலையில சாப்பிட்டது மறந்திருக்கும், அம்பது வருஷத்துக்கு முந்தினது இருக்கும். "ஞாபகம் இருக்கா ஞாபகம் இருக்கா"ன்னு பரீட்சை வைக்காதீங்க. போட்டோவ கையில குடுங்க, பழைய பாட்ட போடுங்க, இல்ல அவங்க காலத்துப் பொருள் ஒண்ண, பித்தளைச் சொம்போ உழக்கோ, கையில குடுத்துட்டு சும்மா பக்கத்துல உக்காருங்க. அவங்களா என்ன சொல்றாங்களோ அதுதான் அன்னைக்கு கணக்கு, தப்பா சொன்னாலும்.

சொத்து விவரம், உயில், நகை யாருக்கு, இதெல்லாம் இந்த நோட்டுல எழுதாதீங்க. அது வேற நோட்டு. கலந்தா புள்ளைங்க இந்த நோட்ட அந்தக் கண்ணோடதான் படிப்பாங்க. யாரையாவது திட்டி எழுதணும்னு இருந்தா தனித் தாள்ல எழுதி ஒரு வாரம் வச்சிருந்து பாருங்க, நான் எங்க அண்ணனப்பத்தி மூணு தாள் எழுதினேன், வாரம் கழிச்சுப் படிச்சா அதுல ரெண்டு தாள் நானே தப்பு பண்ணது. மிச்சம் ஒரு தாள மட்டும் நோட்டுல ஒட்டிட்டேன்.

புள்ளைங்ககிட்ட முழு நோட்டையும் ஒரேயடியா குடுக்காதீங்க, ஓடிடுவாங்க. நான் பேரனுக்கு மாசம் ஒரு ரெக்கார்டிங் அனுப்பறேன். ஸ்கைலாப் கோழிக் குழம்பத்தான் நாலு தடவை கேட்டிருக்கான்.

போன வாரம் ஃபைல் எல்லாத்தையும் அடுக்கும்போது வீட்டுக்காரம்மா பேசின ஒண்ணு மாட்டுச்சு, பேரு வைக்காம விட்டது. அஞ்சாவது வாடகை வீட்டு கிணத்தப்பத்தி சொல்லிட்டு இருக்கா, கயிறு அறுந்து வாளி விழுந்ததயும் அத எடுக்க பக்கத்து வீட்டுலேருந்து பாதாளக்கரண்டி வாங்கிட்டு வந்ததயும். அந்தக் கரண்டியில வாளி வரல, வேற என்னமோ வந்துச்சுங்கறா, அதுக்குள்ள குக்கர் விசில் சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணாவது விசிலுக்கு "இருங்க, மீதிய நாளைக்கு சொல்றேன்"னு எந்திரிச்சுப் போயிட்டா. தேதிய பாத்தா எட்டு மாசம் ஆச்சு. கிணத்துலேருந்து என்ன வந்துச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது, இன்னைக்கு சாயந்திரம் அரைக்கீரை ஆயற நேரத்துல கேக்கணும்.